வரைபடத்தில் நம் தெரு எங்கே?

பழவேற்காடு ஏரியோரப் பசியாவரத்தில் அரை மீட்டர் உயரம் என்பது சின்ன விஷயமல்ல. வெள்ளம் வாசலோடு நிற்குமா, அடுப்படிக்குள் வருமா என்பதே அதில்தான் இருக்கிறது.

இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர வரைபடங்களில் 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே எண். ஊரின் மேடும் காலனியின் பள்ளமும் அதில் சராசரியாகிவிடும். சராசரியில் நாம் நனைவதில்லை! விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி அளந்தால் ஒரு மீட்டர் கட்டத்துக்கே உயரம் தெரியும். ஆனால், கணினியில் வெறுந்தரையைப் பிரித்தெடுக்கும்போது மரங்களோடு குடிசைகளும் நீக்கப்படும். பிறகு வீடுகளைத் தனியே குறிக்க வேண்டும். குறிப்பவருக்கு நம் தெரு தெரியுமா?

கடலோர அபாயக் கோடு வரையச் சொன்னது 2011 ஒழுங்குமுறை அறிவிக்கை. அந்த வரைபடத்தைத் தெருப்பெயரோடு, தமிழில், கிராம சபையில் விரிக்கச் சொல்லிக் கேட்போம். கியூஜிஐஎஸ் மென்பொருளுக்குக் காசில்லை. கல்லூரிப் பிள்ளைகள் கற்றுக்கொண்டு உடன் வரட்டும்.