செஞ்சியில் ஒரு சிதிலப் பள்ளிவாசல்

திருப்பூரிலிருந்து சேலத்துக்கு ரயிலேறும் கொங்கு நாட்டார், வழியில் தென்படும் சங்ககிரி மலையையே கோட்டைகளுக்கெல்லாம் இலக்கணமாகக் கொள்வது இயல்பு. ஆயினும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் ஒரே மதிலால் வளைத்துக்கொண்டு நிற்கும் செஞ்சியைக் கண்டபின் அந்த எண்ணம் நிலைக்காது. அங்கே கீழ்க்கோட்டையில் சிதிலமுற்று நிற்பது சாதத்துல்லாகான் பள்ளிவாசல்.

ஔரங்கசீப்பின் சேனை நெடுங்காலம் முற்றுகையிட்டு 1698-இல் கைப்பற்றிய செஞ்சி, பின்னர் பந்தேல ராஜபுத்திரரான சரூப்சிங்கின் பொறுப்பில் விடப்பட்டது. அவர் காலமானதும், மகன் தேஜ்சிங், அதாவது நம் தெருக்கூத்துகளின் தேசிங்குராஜன், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானுக்குப் பணிய மறுத்து, 1714 அக்டோபரில் போர்க்களத்தில் மாண்டான். வென்ற நவாப் 1717-18-இல் இந்தப் பள்ளிவாசலைக் கட்டுவித்ததாகப் பாரசீகச் சாசனம் கூறுகிறது.

கோட்டைக்குள்ளிருக்கும் வேங்கடரமணர் ஆலயத்தில் கருங்கல் தூண்மேல் கருங்கல் உத்தரம் கிடக்க, பாரம் நேரே கீழிறங்குகிறது. பள்ளிவாசலைத் தாங்கும் வளைவின் சூக்ஷ்மம் வேறு: ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிப் பிடிப்பதால் பாரம் இருபுறமும் பிரிந்து சுவருக்குள் அடங்கிவிடுகிறது, ஆகவே, தொழுவோர் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்கத் தூண்கள் குறுக்கிடாத கூடம் கிட்டுகிறது. மக்காவின் திசை காட்டும் மிஹ்ராப் என்னும் மாடம் மேற்குச் சுவரில் அமைவது மரபு. உருவங்களுக்கு இடமில்லாமையால் சௌந்தரியம் முழுவதும் வளைவின் கோட்டிலும் சுண்ணச்சாந்தின் வழவழப்பிலும் தங்கிவிடுகிறது. அந்தச் சாந்துதான் கவசமும்கூட; அது உதிர்ந்த இடத்தில் மழைநீர் புகும், பின்னாலேயே அரசங்கன்று வேரோடும். வளைவுகளைச் செஞ்சிக்கு நவாப்தான் கொண்டுவந்தார் என்று எண்ணவும் வேண்டாம். அவருக்கு முற்பட்ட கல்யாண மகாலில் அடுக்குக்கு அடுக்கு வளைவுகளே.

ஜெயித்தவர் பள்ளிவாசல் கட்டினார். ஜனங்களோ தோற்றவனைப் பாடினார்கள். அந்தக் கதைப்பாடலில் தேசிங்குக்காகக் கல்யாணப் பந்தலை விட்டெழுந்து வந்து களத்தில் உயிர்விடும் தோழனே ஒரு முஸல்மான், மகபத்கான்! அவன் பெயராலும் கோட்டையில் ஒரு பள்ளிவாசல் உண்டு. இந்த யுத்தத்தை மதச் சண்டையாகச் சித்திரிக்க முற்படுவோர் முதலில் கூத்துக்காரர்களிடம் பாடம் கேட்கலாம்.

1750-இல் பிரெஞ்சுக்காரர் வசமான செஞ்சியிலிருந்து பல கருங்கல் தூண்கள் புதுச்சேரிக்குப் போயின. அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ நிற்பவை அவைதாம். 2025-இல் யுனெஸ்கோ செஞ்சியை மராட்டியக் கோட்டைகளுள் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிவாஜியின் பெயர் கேட்டு வருவோர், மலையேறுமுன் அடிவாரத்துப் பள்ளிவாசலுக்கும் வழி கேட்பார்களாக.