பழைய கணினியில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டுமா? முடிவெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

திருவனந்தபுரம்: விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. கணினி தொடங்கும்போது பாதுகாப்புச் சோதனைக்குப் பயன்படும் 2011-ஆம் ஆண்டின் 'செக்யூர் பூட்' சான்றிதழ்களும் 2026 ஜூன் முதல் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. இவ்விரு மாற்றங்களாலும், பழைய கணினியின் பயாஸ் மென்பொருளைப் புதுப்பிப்பதா அல்லது அப்படியே விட்டுவிடுவதா என்ற கேள்வி பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் எழுந்துள்ளது.

கேரளத்தில் இக்கேள்வி பள்ளிகளுக்கும் பொருந்தும். திருவனந்தபுரம் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் அரசு நிறுவனமான 'கைட்', 2018-இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தின் மூலம் 45,000 வகுப்பறைகளைக் கணினிமயமாக்கியது. பொதுக்கல்வி முழுமையாக டிஜிட்டல்மயமானதாக மாநில அரசு 2020 அக்டோபர் 12 அன்று அறிவித்தபோது, 16,027 பள்ளிகளுக்கு 1,19,055 மடிக்கணினிகள் வழங்கப்பட்டிருந்தன. அக்கணினிகள் இப்போது ஐந்தாண்டுகளைக் கடந்துவிட்டன. பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட 'கைட் குனு/லினக்ஸ்' பயன்படுத்தப்படுவதால், விண்டோஸ் 10 நிறுத்தம் அவற்றை நேரடியாகப் பாதிக்காது. ஆனால் எந்த இயங்குதளமானாலும் அதற்கு அடியில் பயாஸ் இருக்கிறது.

பயாஸின் பணி என்ன?

மின்பொத்தானை அழுத்தியவுடன் முதலில் விழித்தெழுவது பயாஸ்தான். மதர்போர்டில் உள்ள சிறிய ஃபிளாஷ் சிப்பில் அது சேமிக்கப்பட்டிருக்கும். நினைவகம், விசைப்பலகை, சேமிப்பகம் ஆகியவற்றைச் சரிபார்த்து, இயங்குதளத்தை அழைத்து, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைப்பது அதன் வேலை. கடந்த பத்தாண்டுகளில் வந்த பெரும்பாலான கணினிகளில் இருப்பது 'யுஇஎஃப்ஐ' என்ற அடுத்த தலைமுறை மென்பொருள் என்றாலும், வழக்கில் பயாஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

சாதாரண மென்பொருள் பழுதானால் அதை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பயாஸ் எழுதப்படும்போது மின்சாரம் தடைப்பட்டால், அல்லது வேறு மாடலுக்கான கோப்பு ஏற்றப்பட்டால், கணினி தொடங்காமலேயே போகலாம். சில மதர்போர்டுகளில் இரண்டாவது பயாஸ் சிப்போ மீட்பு வசதியோ இருக்கும். அவை இல்லாத கணினியில் பழுதுநீக்குநர் சிப்பைத் தனிக்கருவியால் மீண்டும் எழுத வேண்டும் அல்லது மதர்போர்டையே மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்த கணினிக்கு இந்தச் செலவு அதன் இன்றைய மதிப்பைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

2018-இல் நடந்தது

புதிய பதிப்பு என்பதாலேயே அது சிறந்ததாகிவிடாது என்பதற்கு 2018-ஆம் ஆண்டு நிகழ்வு சான்று. அந்த ஆண்டு ஜனவரி தொடக்கத்தில், செயலிகளில் 'ஸ்பெக்டர்', 'மெல்ட்டவுன்' எனப் பெயரிடப்பட்ட குறைபாடுகள் இருப்பது வெளியானது. அவற்றைச் சரிசெய்ய இன்டெல் நிறுவனம் வழங்கிய திருத்தங்களைக் கணினித் தயாரிப்பாளர்கள் பயாஸ் புதுப்பிப்பாக வெளியிட்டனர். ஆனால் ஹாஸ்வெல், பிராட்வெல் தலைமுறைச் செயலிகள் கொண்ட கணினிகள் அதன்பின் எதிர்பாராமல் தாமாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கின. ஜனவரி 22 அன்று அந்தப் பதிப்புகளை நிறுவ வேண்டாம் என்று இன்டெல் கேட்டுக்கொண்டது. திருத்தப்பட்ட பதிப்புகள் பின்னர் வந்தன. மேலும் சில பழைய செயலிகளுக்குத் திருத்தமே வெளியிடப்போவதில்லை என்று அந்நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலில் தெரிவித்தது.

இந்த நிகழ்வு மற்றோர் உண்மையையும் காட்டியது. செயலிக்கான இத்தகைய திருத்தங்கள் பயாஸ் வழியாக மட்டுமே வர வேண்டும் என்பதில்லை. விண்டோஸும் லினக்ஸும் கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவற்றைச் செயலிக்குள் ஏற்ற வல்லவை. எனவே இயங்குதளத்தின் வழக்கமான புதுப்பிப்புகளைத் தவறாமல் நிறுவி வருபவர்களுக்கு, பயாஸைத் தொடாமலேயே பாதுகாப்பின் ஒரு பகுதி கிடைத்துவிடுகிறது.

எப்போது புதுப்பிக்கலாம்?

தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் ஒவ்வொரு பயாஸ் பதிப்புக்கும் ஒரு குறிப்பு இருக்கும். முடிவு அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். அதில் கூறப்பட்டுள்ள பாதுகாப்புக் குறைபாடு அந்தக் கணினியைப் பாதிக்குமானால் அது தக்க காரணம். கணினியில் இப்போது காணப்படும் கோளாறு, எடுத்துக்காட்டாக உறக்க நிலையிலிருந்து மீளாமை அல்லது மின்விசிறி ஓயாமல் ஓடுதல், பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தால் அதுவும் தக்க காரணம். புதிதாக வாங்கிய நினைவகத்தையோ செயலியையோ பழைய பதிப்பு அடையாளம் காணாதது மூன்றாவது காரணம்.

செக்யூர் பூட் சான்றிதழ்களைப் பொறுத்தவரை பதற்றத்திற்கு இடமில்லை. அவை காலாவதியானாலும் கணினி வழக்கம்போலத் தொடங்கும் என்று மைக்ரோசாஃப்ட் தெரிவித்துள்ளது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் புதிய சான்றிதழ்கள் இல்லாத கணினிகளுக்கு, தொடக்க நிலைக் கூறுகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் இனி கிடைக்காது. பெரும்பாலான கணினிகளுக்குப் புதிய சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்துவிடும். சில மாடல்களில் மட்டும் அவற்றை ஏற்க முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். தன் மாடல் அவற்றில் ஒன்றா என்பதைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எப்போது தேவையில்லை?

கணினி மெதுவாக இயங்குகிறது என்பதற்காகப் பயாஸைப் புதுப்பிப்பதில் பெரும்பாலும் பயனில்லை. நினைவகத்தைக் கூட்டுவதும், சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துவதும் அதைவிடப் பலன் தரும். ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் பின்னோக்கிச் சென்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருப்பதே. அதை மாற்றினால் போதும்.

விண்டோஸ் 11 நிறுவும் நோக்கிலும் இதே கவனம் தேவை. அதற்கு யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட், டிபிஎம் 2.0 ஆகியவற்றுடன் ஆதரவுப் பட்டியலில் உள்ள செயலியும் வேண்டும். டிபிஎம் வசதி பல கணினிகளில் ஏற்கனவே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்புகளில் அதை இயக்கினாலே போதுமானது. இன்டெல் செயலிகளில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை அப்பட்டியலில் இல்லை. எந்தப் பயாஸ் பதிப்பாலும் இதை மாற்ற இயலாது.

முடிவு செய்தபின்

முதலில் கணினியின் சரியான மாடல் எண்ணையும் தற்போதைய பயாஸ் பதிப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் இவை காணப்படும். கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும். எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பிப்பதாகக் கூறும் செயலிகளிடம் இதை ஒப்படைக்கக் கூடாது. லினக்ஸ் பயனர்களுக்கு 'லினக்ஸ் வெண்டார் ஃபர்ம்வேர் சர்வீஸ்' என்ற பொதுச்சேவை உள்ளது. டெல், லெனோவோ, ஹெச்பி ஆகிய நிறுவனங்கள் தங்கள் பல மாடல்களுக்கான கோப்புகளை அதில் வழங்குகின்றன. மிகப் பழைய பதிப்பிலிருந்து நேராகப் புதிய பதிப்புக்குச் செல்ல முடியாத மாடல்களும் உண்டு. அவற்றில் இடைப்பட்ட பதிப்பை முதலில் நிறுவ வேண்டும் என்பது குறிப்பில் சொல்லப்பட்டிருக்கும்.

அடுத்து, முக்கியக் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுக்க வேண்டும். வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். புதுப்பித்தபின் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். சேமிப்பகம், தொடக்க முறை ஆகிய அமைப்புகள் மாறினால், பயாஸ் நலமாக இருந்தும் இயங்குதளம் திறக்காது. ஆகவே பழைய அமைப்புகளைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மின்சாரம் இதில் தனிக்கவனத்திற்குரியது. கேரளத்தில் துலாவர்ஷக் காலத்திலும் கோடையிலும் பிற்பகலில் இடி மின்னல் மிகுதி. பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எச்சரிக்கையாக இருக்குமாறு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தி வருகிறது. இத்தகைய நாள்களில் இந்த வேலையைக் காலையில் முடித்துவிடுவதே பாதுகாப்பானது. மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இணைப்பு அவசியம். மடிக்கணினியில் மின்னிணைப்பும் பேட்டரியில் போதிய மின்னேற்றமும் ஒருசேர இருக்க வேண்டும். பேட்டரி பழுதான மடிக்கணினியில், பேட்டரியை மாற்றும் வரை பயாஸைத் தொடாமல் இருப்பதே நல்லது. பணி நடக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுத்திருந்தாலும் மின்பொத்தானை அழுத்தக் கூடாது.

ஒரே மாடல் கணினிகளைப் பல எண்ணிக்கையில் வைத்திருக்கும் பள்ளிகளும் அலுவலகங்களும், பொறுப்பான தொழில்நுட்பப் பிரிவின் ஒப்புதலுடன் முதலில் ஒரு கணினியில் மட்டும் புதுப்பித்து, ஒரு வாரம் வழக்கமான பணியில் பயன்படுத்திப் பார்த்தபின் மற்றவற்றைத் தொடலாம். தேர்வுக் காலத்தில் இதைத் தவிர்ப்பது நல்லது. ஒரே நாளில் அனைத்தையும் புதுப்பித்து அப்பதிப்பில் பிழை இருந்தால், ஆய்வகம் முழுவதும் முடங்கும். முந்தைய பதிப்புக்குத் திரும்புவதைப் பல தயாரிப்பாளர்கள் பாதுகாப்புக் காரணங்களுக்காக அனுமதிப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

தயாரிப்பாளர் கடைசிப் புதுப்பிப்பை வெளியிட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால், அந்தக் கணினிக்கு இனி புதிய பாதுகாப்புத் திருத்தம் வராது என்றே கருத வேண்டும். அந்தக் கடைசிப் பதிப்பில் பாதுகாப்புத் திருத்தம் இருந்து, கணினியும் பேட்டரியும் நல்ல நிலையில் இருந்தால் ஒருமுறை அதை நிறுவிக்கொள்ளலாம். அதன்பின் ஆதரவில் உள்ள இயங்குதளத்துடன், வங்கிப் பரிவர்த்தனை போன்றவற்றைத் தவிர்த்து, தட்டச்சு, பாடம், படவில்லைக் காட்சி ஆகிய பணிகளுக்கு அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.