வெட்டுக் கிழங்கு யார் கணக்கில்?

உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்ததும் நம் கண்ணில் படுவது மேலே இருக்கும் நல்ல கிழங்கு. அடியில் கைவிட்டால்தான் பிசுபிசுப்பும் நாற்றமும் தெரிகிறது. வெட்டுப்பட்ட ஒரு கிழங்கு அழுகி, பக்கத்தில் உள்ளவற்றையும் கெடுத்திருக்கும். முழு மூட்டைக்குப் பணம் கொடுத்த நாம், பொறுக்கிய மீதியைத்தான் விற்கிறோம்.

லாரியிலும் மண்டியிலும் படும் அடி ஒருபுறம் இருக்கட்டும். சேதாரம் பல நேரம் தோண்டும் அன்றே நிலத்தில் தொடங்கிவிடுகிறது.

நீலகிரிச் சரிவுகளில் கைக்கருவிகளால் தோண்டுவது வழக்கம். ஆக்ரா போன்ற வடநாட்டுச் சமவெளிகளில் டிராக்டரில் பூட்டிய கருவியும் தோண்டுகிறது. அதன் கொழு பாருக்கு அடியில் நுழைந்து மண்ணோடு கிழங்கைத் தூக்கும். பின்னால் இரும்புக் கம்பிகள் கோத்த சங்கிலி ஓடும். கம்பி இடுக்கில் மண் உதிர்ந்துவிட, கிழங்கு பின்புறம் தரையில் விழும். ஆட்கள் பொறுக்கிக் கொள்வார்கள்.

கருவி வந்ததால்தான் கிழங்கு வெட்டுப்படுகிறது என்பார் சிலர். மண்வெட்டியும் வெட்டத்தான் செய்கிறது! கருவியை அமைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கொழு ஆழமாக இறங்காவிட்டால் கிழங்கை வெட்டும். சங்கிலியை மிக வேகமாக ஓட்டினால் மண் முன்னதாகவே உதிர்ந்து, கிழங்கு வெறும் கம்பியில் துள்ளி அடிபடும். கொஞ்சம் மண் மெத்தைபோல் கூடவே வரவேண்டும். கம்பிக்கு ரப்பர் உறை போடுவதும், கிழங்கு விழும் உயரத்தைக் குறைப்பதும் நல்லது.

தோண்டுவதற்கு 10 முதல் 15 நாள் முன்பே தழையை அறுத்துவிட்டால் தோல் முற்றும். தோண்டியபின் சில நாள் நிழலில் காற்றோட்டமாகக் குவித்து வைத்தால் சிறு காயங்கள் ஆறும். வெயிலில் கிடந்தால் பச்சை நிறமும் கசப்பும் ஏறும். அது உடலுக்கும் ஆகாது.

மேலைநாடுகளில், அடியை அளக்கும் மின்னணு உருண்டை ஒன்றைக் கிழங்கோடு கிழங்காகக் கருவிக்குள் அனுப்புகிறார்கள். எந்த இடத்தில் பலத்த அடி விழுகிறது என்று அது காட்டிக் கொடுத்துவிடும். இத்தனை கவலை ஏன்? உள்காயம் வெளியே தெரியாது. ஓரிரு நாளில் உள்ளே கருக்கும். வீட்டில் நறுக்கும்போதுதான் தெரியும். பழி நம் கடைமேல் விழும்.

ஆகவே கொள்முதலின்போது மூன்று சோதனை செய்வோம். மூட்டையின் நடுவிலும் அடியிலும் கிழங்கு எடுத்துப் பார்ப்போம். கட்டைவிரலால் தேய்த்துத் தோல் உரிகிறதா என்று பார்ப்போம். இரண்டு மூன்றை நறுக்கிப் பார்ப்போம்.

வெட்டுக் கிழங்குக்கும் முழுக் கிழங்குக்கும் ஒரே விலை கொடுக்கும்வரை, கருவியைத் திருத்தி ஓட்ட விவசாயிக்கு என்ன அவசியம்? சுத்தமான சரக்குக்குக் கிலோவுக்குச் சில காசுகள் கூட்டிக் கொடுப்போம். குப்பையில் கொட்டும் கிழங்கின் விலையை விட அது குறைவா, கூடுதலா என்று அவரவர் கல்லாவில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.