துக்கடா என்றால் வசவா?

‘அதெல்லாம் துக்கடாங்க.’ கச்சேரி பாடுபவர் சொன்னால் இது தகவல். தமிழ்ப் பாட்டை நேசிக்கிறவர் காதில் விழுந்தால் வசவு.

ஒரு சொல்லுக்கு நேர்ப்பொருள் ஒன்று உண்டு. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு வாடையும் வரும். பொருளில் ஒத்துப்போகிற இரண்டு பேர் வாடையில் முட்டிக்கொள்வார்கள். முட்டுவது எங்கே என்று இருவருக்குமே தெரியாது. எங்க பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கு.

காரைக்குடிக்கு அடுத்த அரியக்குடியில் 1890இல் பிறந்தவர் ராமானுஜ ஐயங்கார். இன்றைய கச்சேரிக்கு அச்சு வார்த்தவர் இவர்தான் என்பார்கள். முதலில் வர்ணம், பிறகு விறுவிறுவென்று கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, கடைசியில் பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா. இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் துக்கடா என்று பேர். மராத்தி, இந்தியில் ‘துண்டு’ என்று பொருள்படும் சொல் அது. வித்வான்களுக்கு அது கச்சேரியில் ஓர் இடத்தின் பெயர், அவ்வளவுதான். தெலுங்கு ஜாவளியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆனா தெருவில் ‘துக்கடா வேஷம்’னா என்ன அர்த்தம்? ஒண்ணுக்கும் உதவாத வேஷம்.

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. முன்னின்ற ராஜா அண்ணாமலை செட்டியாரும் இந்தச் சீமைக்காரர்தான், கானாடுகாத்தான். தமிழ்ப் பாட்டு துக்கடாவாகக் கிடக்கிறதே என்பது இயக்கத்தாரின் மனக்குறை. எதிர்த்தரப்பில் பலருக்கு ‘தமிழிசை’ என்ற சொல்லே வேறு மாதிரி கேட்டது: தியாகராஜரை வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று. ‘தமிழிலும் பாடுங்கள்’ என்றவருக்கும் இதே சொல்தான், ‘தமிழில் மட்டும்’ என்றவருக்கும் இதே சொல்தான். பிறகு ஏன் சண்டை வராது?

இத்தனைக்கும் திருப்பாவை முப்பதுக்கும் ராகம் அமைத்துப் பாடியவர் அரியக்குடி. அருணாசலக் கவிராயரின் ராமநாடகப் பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. துக்கடா என்ற சொல்லை வைத்து ஒருவரின் தமிழ்ப்பற்றை அளந்தால் கணக்கு தப்பும்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை சின்னதுதான். சண்டைக்குக் காரணமான சொல்லைத் தூக்கிவிட்டு விளக்கத்தைப் போட்டுப் பார்ப்பது. ‘கச்சேரியின் முடிவில் பாடும் சிறு உருப்படிகள்’ என்று போட்டால் ‘இழிவாப் பேசிட்டார்’ என்ற புகார் அதோடு உதிர்ந்துவிடும். உதிராமல் ஒன்று மிஞ்சும்: தமிழ்ப் பாட்டு ஏன் முடிவிலேயே வரணும், நடுவில் பிரதானமாக ஏன் வரக்கூடாது? ‘எல்லாம் வெறும் வார்த்தைச் சண்டை’ என்று கையை உதறுகிறவர் இந்தக் கேள்வியைத்தான் தாண்டிப் போகிறார். இதில் வாடை கிடையாது. எந்த மொழிக்கு எத்தனை நிமிஷம் என்று கச்சேரிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிவிடலாம்.