காத்திராத யந்திரம்

சென்னை மவுண்ட் ரோடிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாகத் திரும்பி ரிச்சி தெருவுக்குள் நுழைகிறவன், தலைக்குமேல் தொங்கும் ஒயர்களுக்கும் காலடியில் கிடக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவே பத்தடி நடப்பதற்குள், "என்ன சார் பாக்குறீங்க? லேப்டாப்பா, சிஸ்டமா?" என்ற கேள்விக்கு நாலு தடவையாவது பதில் சொல்லியாக வேண்டும். சென்ற கோடையில் என் தங்கை மகன் என்னை அங்கே அழைத்துக்கொண்டு போனான். முதல் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, கேம் ஆடுவதற்கென்றே ஓர் உயர்தரக் கம்ப்யூட்டரை, பிறர் கட்டி வைத்ததை வாங்காமல், உறுப்பு உறுப்பாகத் தானே தேர்ந்தெடுத்துப் பூட்டிக்கொள்வது என்று அவன் சங்கல்பம் செய்திருந்தான். "நீங்க சும்மா கூட வந்து நில்லுங்க மாமா, வெலை பேசும்போது பெரியவங்க ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்" என்றான். பேரம் பேசுவதில் எனக்குள்ள சாமர்த்தியம் கத்தரிக்காயோடு தீர்ந்துபோகிற ஒன்று. ஆனாலும், ஒரு பகல் முழுவதும் அவன் பின்னால் அலைந்ததில், அவன் கையிலிருந்த ஒற்றைக் காகிதத்துக்குள் ஒரு சிறிய சாஸ்திரமே அடங்கியிருப்பதைக் கண்டுகொண்டேன்.

அந்தச் சாஸ்திரத்தை ஒரு கல்யாணச் சமையலைக் கொண்டு விளக்கலாம். இலை போட்டு விருந்தினர் உட்கார்ந்தாகிவிட்டது. உக்கிராணத்திலிருந்து சாமான்கள் வந்தாக வேண்டும். கறிகாய் நறுக்குகிறவர்கள் நறுக்கித் தள்ள வேண்டும். தலைமைச் சமையற்காரர் பக்குவம் பார்த்து இறக்க வேண்டும். பரிமாறுகிறவர்கள் வாளியும் கரண்டியுமாக ஓடி வர வேண்டும். இவர்களுள் ஒருவர் மந்தமாக இருந்தாலும் மற்ற அத்தனை பேருடைய சுறுசுறுப்பும் வியர்த்தமாகிவிடுகிறது. சாம்பார் வராத இலையில் சோறு எத்தனை சீக்கிரம் விழுந்தால்தான் என்ன பிரயோசனம்? கம்ப்யூட்டரும் இத்தகைய ஒரு சமையற்கட்டே. எந்த உறுப்பு உலகத்திலேயே சிறந்தது என்று கடைக்குக் கடை விசாரிக்கிறவன் பணத்தை இழப்பான். எது எதற்காகக் காத்திருக்க நேரும் என்று வீட்டிலேயே உட்கார்ந்து யோசித்துவிட்டு வருகிறவன் பிழைத்துக்கொள்வான்.

எத்தனை இலை விழும் என்று தெரிந்த பிறகே அரிசி அளப்பது சம்பிரதாயம். அந்த நியாயப்படி மருமகனுடைய காகிதத்தில் முதல் வரியாக மானிட்டர் இருந்தது. 1080பி எனப்படும் சாதாரணத் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என்ற கணக்கில் சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள் உண்டு. 1440பி திரையில் அவை சுமார் 36 லட்சத்து 86 ஆயிரம். 4கே திரையிலோ சுமார் 82 லட்சத்து 94 ஆயிரம். அதாவது முதலாவதைப்போல் சரியாக நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் நிச்சயிப்பது ஒரு தடவையோடு முடிகிற காரியமும் அல்ல. விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கிற அவகாசம் விநாடியை ஆயிரமாகப் பகுத்ததில் ஏறக்குறைய 17 பங்கு. 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் 7 பங்கு. 240 ஹெர்ட்ஸ் திரைக்கு 4 பங்கு. கதையும் காட்சியுமாக நிதானமாக ஆடும் ஆட்டங்களில் ஈடுபாடுடையவனுக்கு 4கே திரை பேரின்பம். கண்ணிமைக்கும் நேரத்தில் எதிரியைச் சுட்டாக வேண்டிய ஆட்டங்களில் பிரியமுடையவனுக்கோ, புள்ளிகள் சற்றுக் குறைந்தாலும் படங்கள் மளமளவென்று வருவதே முக்கியம். இரண்டிலும் ஆசையுள்ள என் மருமகன், நடுவழியாக மூலைக்கு மூலை 27 அங்குலமுள்ள 1440பி, 240 ஹெர்ட்ஸ் திரையை நிச்சயித்துக்கொண்டான். அந்த ஒரு தீர்மானத்திலிருந்து மற்றவை யாவும் கிரமமாகப் பிறந்தன.

புள்ளிகளுக்கு நிறம் தீட்டும் பொறுப்பு கிராபிக்ஸ் கார்டினுடையது. பட்ஜெட்டில் பெரும் பங்கை விழுங்குவதும் அதுவே. பிராசஸர் என்பது எந்தப் பதார்த்தத்தையும் செய்யத் தெரிந்த எட்டுத் தேர்ந்த சமையற்காரர்களைப் போன்றது. கிராபிக்ஸ் கார்டோ, ஒரே மாதிரியான வேலையை ஏககாலத்தில் செய்து தள்ளும் பெருங்கூட்டம். பத்தாயிரம் பேர் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு வெண்டைக்காய் நறுக்கினால் எத்தனை க்ஷணம் பிடிக்கும்! 1999-ல் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256 என்ற கார்டை வெளியிட்டபோது, இத்தகைய சில்லுக்கு ஜிபியு என்ற பெயரைப் பிரபலமாக்கியது. அதே நிறுவனம் 2025 ஜனவரியில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்.டி.எக்ஸ். 5080 கார்டில் அத்தகைய கைகள் 10,752 இருக்கின்றன. 16 ஜிகாபைட் சொந்த நினைவகமும் உண்டு. இந்த நினைவகத்தின் அளவை அலட்சியம் செய்தல் கூடாது. ஆட்டத்தில் வரும் சுவர், மரம், முகம் ஆகியவற்றின் மேற்பூச்சுப் படங்கள் யாவும் அங்கேதான் தங்குகின்றன. இடம் போதாமற்போனால், அவை மதர்போர்டைத் தாண்டிப் பொது ரேமிலிருந்து வர வேண்டியிருக்கும். அப்போது ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் விக்கி விக்கி நிற்கும்.

அந்தக் கார்டுக்கு அண்ணன் ஒருவன் உண்டு. 5090 என்ற அதற்கு 21,760 கைகள், 32 ஜிகாபைட் நினைவகம், 575 வாட் பசி. அமெரிக்காவில் வெளியானபோது தம்பியின் விலை 999 டாலர். அண்ணனின் விலை 1,999. கண்ணாடி அலமாரியில் அதைப் பார்த்த மருமகன் ஐந்து நிமிஷம் பேச்சற்று நின்றான். ஆனால் 1440பி திரைக்கு அத்தனை பெரிய கூட்டத்தை அமர்த்தினால், நறுக்கும் வேலையைச் சடுதியில் முடித்துவிட்டு, அடுத்த உத்தரவு பிராசஸரிடமிருந்து எப்போது வரும் என்று அது பல வேளைகளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காத்திருப்பதற்காக இரட்டிப்பு விலை கொடுப்பானேன் என்று, ஒரு பெருமூச்சோடு அவன் நகர்ந்தான்.

உத்தரவு கொடுக்கிறவனாகிய பிராசஸரின் கதை விசேஷமானது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எந்தத் திசையில் பாய்கிறது, கதவு திறந்ததா என்பனவற்றையெல்லாம் படத்துக்குப் படம் கணக்கிட்டுக் கார்டுக்குச் சொல்ல வேண்டியது அதுதான். அந்தக் கணக்குக்கு வேண்டிய தகவல் ரேமில் இருக்கிறது. ரேமோ, பிராசஸருடைய வேகத்தை நோக்கும்போது அடுத்த தெருவில் இருக்கிற உக்கிராணத்துக்குச் சமம். கடுகு தாளிக்கும்போது ஒவ்வொரு தடவையும் உக்கிராணத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தால் எண்ணெய் கருகிப்போகாதா? இதற்காகத்தான் சமையற்காரர் அஞ்சறைப் பெட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறார். பிராசஸரின் அஞ்சறைப் பெட்டிக்குக் கேஷ் என்று பெயர். ஏ.எம்.டி. நிறுவனம் 2022-ல் ரைஸன் 7 5800எக்ஸ்3டி என்ற பிராசஸரில், இந்தப் பெட்டியின்மேல் இன்னொரு பெட்டியை அடுக்கி 96 மெகாபைட்டாகப் பெருக்கியது. கடிகார வேகத்தைச் சிறிது குறைத்துக்கொண்டும் அது ஆட்டங்களில் முந்திக்கொண்டு ஓடியதற்குக் காரணம், உக்கிராணத்துக்கு நடக்கும் நடை மிச்சமானதுதான். 2024 நவம்பரில் வந்த ரைஸன் 7 9800எக்ஸ்3டி-யில் அந்த மேலடுக்கைக் கணக்கிடும் பகுதிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அதனால் உஷ்ணம் தடையின்றி மேலே கூலருக்கு ஏற வழி பிறந்தது. வேகத்தையும் கூட்ட முடிந்தது. எட்டே கோர், அதாவது எட்டே சமையற்காரர், உள்ள அந்தப் பிராசஸரைத்தான் மருமகன் எழுதிவைத்திருந்தான். பதினாறு கோர் உள்ளதை ஒரு கடைக்காரர் சிபாரிசு செய்தபோது, "எனக்கு வீடியோ எடிட்டிங் இல்லண்ணா, ஆட மட்டும்தான்" என்று சொல்லி மறுத்துவிட்டான்.

ரேம் வாங்குவதில் சங்கடம் குறைவு; சூட்சுமம் மட்டும் இரண்டு உண்டு. 32 ஜிகாபைட் வேண்டுமானால் 16-ஆக இரண்டு வாங்க வேண்டும். இரண்டு வாய்க்கால் வழியாகவும் நீர் பாய்வதுபோல் தகவல் இரு வழியிலும் பாயும். நான்கு போட்டால் இன்னும் நன்றாயிருக்குமே என்று எண்ணினால், டி.டி.ஆர்.5 வகையில் பெரும்பாலும் வேகம் குறையவே செய்கிறது. மற்றொன்று, பெட்டியின்மேல் 6000 என்று அச்சிட்டிருந்தாலும், மதர்போர்டின் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளில் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கும்வரை ரேம் அந்த வேகத்தில் ஓடாது. மேல்வேகத்துக்கு விலை கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் கீழ்வேகத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு.

ஆட்டங்களைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி. விஷயத்தில் வேகத்தைவிடக் கொள்ளளவே பிரதானம். பழைய சாட்டா வகை விநாடிக்குச் சுமார் 550 மெகாபைட் தருமானால், எம்.2 இடத்தில் செருகும் நான்காம் தலைமுறை வகை 7,000 வரையில் தரும். ஆயினும் ஆட்டம் திறக்கும் நேரம் அந்த விகிதத்தில் சுருங்கிவிடுவதில்லை. 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற ஒரே ஆட்டம் 150 ஜிகாபைட் இடம் கேட்கிறது என்பதை உத்தேசித்து, அவன் இரண்டு டெராபைட் வாங்கினான்.

மதர்போர்டு இவர்களையெல்லாம் சேர்த்து வைக்கும் பந்தல். பந்தற்கால் உறுதியாக இருந்தால் போதும். தோரணத்துக்குப் பணத்தை இறைக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, பிராசஸர் உட்காரும் சாக்கெட். ஏ.எம்.5 என்ற சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. நிறுவனம் அறிவித்திருப்பதால், சில வருஷம் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. பழைய சரக்காக இருந்தால், புதிய பிராசஸரை அடையாளம் கண்டுகொள்ளும் பயாஸ் அதில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நலம்.

இனி வருவதுதான் நம்மவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம். கார்டுக்கு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சம்மதிக்கிறவன், எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சாரப் பெட்டிக்கு வரும்போது கருமியாகிவிடுகிறான். அது படத்தை அழகாக்குவதில்லை, வேகத்தைக் கூட்டுவதில்லை, கண்ணிலும் படுவதில்லை. ஒரு கடையில், பெயர் தெரியாத பெட்டி ஒன்றை எடுத்துவைத்து, "இதுலயும் எண்ணூத்தம்பது வாட்டுதான் தம்பி போட்டிருக்கு, வெலை பாதிதான்" என்றார் கடைக்காரர். மருமகன் அதைக் கையில் தூக்கிப் பார்த்தான், என்னிடம் கொடுத்தான். காலி டிபன் கேரியரைப் போல் இருந்தது. "வேணாண்ணா" என்று வைத்துவிட்டான்.

காரணம் இது. அவனுடைய கார்டு 360 வாட் வரையில் இழுக்கும். பிராசஸர் 162 வரையில் இழுக்கும். மற்றவை எல்லாம் சேர்ந்து நூற்றுக்குள் அடங்கும். ஆக மொத்தம் அறுநூற்றுச் சொச்சம். சுவரில் வரும் 230 வோல்ட்டில் அது மூன்று ஆம்பியர்கூட இல்லை. ஆனால் கார்டு கேட்பது 12 வோல்ட். 360 வாட்டை 12-ஆல் வகுத்தால் 30 ஆம்பியர்! அத்தனை பெரிய ஓட்டத்தை, ஆட்டத்தில் ஒரு வெடி வெடிக்கும் க்ஷணத்தில் திடீரென்று எழும்பும் தேவையோடு சேர்த்து, அசையாத அழுத்தத்தில் தருவது சாமானியமான காரியம் அல்ல. இத்தகைய திடீர் ஏற்றங்களைத் தாங்க வேண்டும் என்று 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற விதி வற்புறுத்துகிறது. 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரையோ, பாதிச் சுமையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது மின்சாரம் விரயமாகாமல் உறுப்புகளைச் சேரும் என்பதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே இருக்கும் சரக்கின் ஆயுளுக்கு அது ஜாமீன் அல்ல. அதற்குப் பத்து வருஷ வாரண்டி தருகிற பெட்டியாகப் பார்த்து அவன் வாங்கினான். கார்டுக்குப் போகும் பதினாறு முனைப் பிளக்கைக் கடைசிவரை அழுத்திச் செருக வேண்டும் என்பதையும் அவன் மறக்கவில்லை. அரைகுறையாகச் செருகிய பிளக் சூடேறி உருகிப்போன சம்பவங்கள் 2022-க்குப் பிறகு உலகெங்கும் பேசப்பட்டவை. வீட்டுச் சுவரில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்ததும், யுபிஎஸ் வாங்கும்போது பெரிய எழுத்திலுள்ள விஏ எண்ணை விட்டுவிட்டுச் சிறிய எழுத்திலுள்ள வாட் எண்ணைத் தேடிப் படித்ததும் இந்த அத்தியாயத்தைச் சேர்ந்தவையே.

உள்ளே போகும் அறுநூறு வாட்டும் முடிவில் உஷ்ணமாகவே வெளியே வந்தாக வேண்டும். ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டியை மேஜையடியில் ஓயாமல் எரியவிட்டதற்கு ஒப்பானது அது. கூலர் எத்தனை உயர்ந்ததாயினும் அறையிலுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்கிவிட முடியாது. ஆகையால் குளிர்நாட்டு அறையில் போதுமானதாக இருப்பது நம்முடைய சித்திரை மாதத்தில் போதாது. செப்புக் குழாய்க்குள் சிறிதளவு திரவம் ஆவியாகி மேலேறி, தகட்டில் குளிர்ந்து, மீண்டும் கீழே இறங்கும் பெரிய ஏர் கூலரை அவன் தேர்ந்தெடுத்தான்; தண்ணீர் கூலரில் பம்ப் என்ற இன்னோர் உறுப்பு பழுதாகக் காத்திருக்கிறது என்பது அவன் கட்சி. கேபினட் என்னும் பெட்டியும், முன்பக்கம் வெறுங்கண்ணாடியாக மின்னுவதை விட்டு, சல்லடைத் தகடு உள்ளதாக வாங்கினான். முன்னால் உறிஞ்சும் ஃபேன்கள் பின்னால் தள்ளுவதைவிடச் சற்று மிகுதியாக இருந்தால், இடுக்குகளின் வழியே தூசி உள்ளே புகாது. முப்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளும் கார்டு உள்ளே பிடிக்குமா என்று டேப் வைத்து அளந்த பிறகே பணத்தை எடுத்தான்.

அன்றிரவு கூடத்துத் தரையில் பாய் விரித்து, எல்லாவற்றையும் பூட்டி முடிக்க மணி பதினொன்றாகிவிட்டது. சுவிட்சைப் போட்டான். ஃபேன்கள் சுழன்றன; திரை மட்டும் இருண்டே கிடந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. "இதுக்குத்தானாடா ரெண்டு வருஷக் காசைக் கொட்டின?" என்றாள் என் தங்கை. அணைத்துப் போடலாமா என்று நான் கையை நீட்டினேன். "தொடாதீங்க மாமா!" என்று அலறினான் பையன். டி.டி.ஆர்.5 ரேமும் பிராசஸரும் முதன்முதலாகச் சேரும்போது, ஒன்றன் குணத்தை ஒன்று அறிந்து, தகவலை எந்த நொடியில் வாங்குவது, எந்த நொடியில் கொடுப்பது என்று பழகிக்கொள்ளச் சில நிமிஷங்கள் எடுத்துக்கொள்ளுமாம். நடுவில் அணைத்தால் பழக்கம் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். ஆயிரத்தில் நாலு பங்கு விநாடிக்கும் கணக்குப் பார்த்து வாங்கிய யந்திரத்தின் முன்னால் நாங்கள் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் திரை ஒளிர்ந்தது. பையன் சிரித்தான், பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை இயக்கினான். மறுபடியும் திரை இருண்டுவிட்டது. "இப்ப புது வேகத்துக்குப் பழகணும்மா" என்றான். தங்கை ஒன்றும் சொல்லாமல் எழுந்து காப்பி கலக்கப் போனாள்.