யப்பானிய மொழிப் பரீட்சை: கணக்குப் பார்த்துத் தொடங்குவோம்

காணியை விட்டு வந்து உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் இருக்கும் குடும்பங்களிடையே இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. “யப்பானுக்குத் தோட்ட வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பலாமாம்” என்பதே அது. அதனோடு இன்னொரு பேச்சும் வருகிறது. “இவ்வளவு காசைக் கட்டினால் மிச்சம் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.” முதலாவதில் உண்மை உண்டு. இரண்டாவதில் ஆபத்து உண்டு. நகையை அடைவு வைக்கவும், எஞ்சிய மாட்டை விற்கவும் முன்னர் இரண்டையும் பிரித்து விளங்கிக்கொள்வது நல்லது.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்ற ஆண்டவரின் உவமையை நாம் அறிவோம். அந்தக் கணக்கை இங்கே பார்ப்போம்.

கதவு எது?

‘குறித்த திறனுள்ள தொழிலாளர்’ என்ற விசா முறையை யப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கியது. அதே ஆண்டு யூன் மாதத்தில் இதுபற்றிய ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இலங்கையும் கைச்சாத்திட்டது. விவசாயமும் இம்முறையில் அடங்கும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். விவசாயத் திறன் பரீட்சை, மொழிப் பரீட்சை என இரண்டிலும் சித்தியடைய வேண்டும்.

மண்ணோடு வளர்ந்த எமது பிள்ளைகளுக்குப் பயிர் பற்றிய அறிவு ஏற்கனவே கைமுதலாக இருக்கிறது. பெரும்பாலானோரை மறிப்பது மொழிப் பரீட்சையே. அதை எந்த முகவரும் பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக எழுத முடியாது.

பரீட்சை எப்படிப்பட்டது?

1984 முதல் நடந்துவரும் யப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சைக்கு ‘ஜே.எல்.பி.ரி.’ என்று பெயர். 2010 முதல் அதில் ஐந்து படிகள் உண்டு. என்-5 இலகுவானது, என்-1 மிகக் கடினமானது. விவசாய வேலைக்கு என்-4 தேவை. யப்பான் பவுண்டேசன் கணினியில் நடத்தும் அடிப்படை மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

என்-4 பரீட்சையில் கட்டுரை எழுதவோ வாயாற் பேசிக் காட்டவோ தேவையில்லை. கொடுத்த விடைகளில் சரியானதைத் தெரிய வேண்டும். மொத்தப் புள்ளி 180, சித்திக்கு 90. ஆனால் மொழியறிவு, வாசிப்புப் பகுதியில் 120க்கு 38 புள்ளியாவது, கேட்டல் பகுதியில் 60க்கு 19 புள்ளியாவது எடுத்தே ஆக வேண்டும். மொத்தம் 100 எடுத்தவரும் கேட்டலில் 18 எடுத்தால் சித்தியில்லை.

எவ்வளவு படிக்க வேண்டும்?

இப்போது சொற்பட்டியல் எதுவும் அதிகாரபூர்வமாக வெளியிடப்படுவதில்லை. 2010க்கு முன்னிருந்த இதற்கு நிகரான படிக்கு 1,500 சொற்கள், 300 சீன எழுத்துகள், 300 மணி நேரப் படிப்பு என்று அளவு சொல்லப்பட்டது. அதையே ஒரு கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் படித்தால் 200 நாள். நாளுக்கு எட்டுச் சொல். இரண்டு நாளுக்கு மூன்று சீன எழுத்து. இது மலையல்ல, ஆனால் இடையில் விட்டுவிட்டால், நீர் கட்டாத மிளகாய்த் தோட்டம் போலாகிவிடும்.

தமிழர்க்கு ஓர் அனுகூலம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் அவரது துணைவியார் மனோன்மணி சண்முகதாசும் யப்பானிய அறிஞர் சுசுமு ஓனோவுடன் சேர்ந்து தமிழையும் யப்பானிய மொழியையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள். இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்ற ஓனோவின் முடிவைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. எனினும் வசன அமைப்பில் உள்ள ஒற்றுமை படிப்பவர்க்கு நேரே பயன்படும்.

“வத்தஷி வ ஹத்தக்கே டெ யசாய் ஒ ட்சுக்குரிமஸ்” என்றால், “நான் தோட்டத்தில் மரக்கறியைச் செய்கிறேன்.” ‘டெ’ என்பது எமது ‘இல்’, ‘ஒ’ என்பது எமது ‘ஐ’. சொற்கள் அதே வரிசையில் நிற்கின்றன. இறுதியில் ‘க’ என்று சேர்த்தால், நாம் ‘ஆ’ சேர்ப்பது போலக் கேள்வியாகிவிடும். ‘ஹத்தக்கே’ என்பது தோட்டம். வயலுக்கு வேறு சொல் உண்டு. நாமும் அப்படித்தானே பிரித்துச் சொல்கிறோம்? ஆகவே ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போகாமல் தமிழிலிருந்தே நேராக நினைத்துப் படியுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. யப்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் பாடமாக்க வேண்டாம். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் அவர்களிடம் உள்ள சொற்கள் இரண்டையும் தமிழில் ‘கின்’ என்றே எழுதுவோம். ஒன்றில் வல்லொலி, மற்றதில் ‘கங்கை’யின் முதலெழுத்துப் போன்ற மெல்லிய ஒலி. இந்த வேறுபாட்டை எமது எழுத்துக் காட்டாது, பரீட்சை கேட்கும். முதலில் ஹிரகனா 46 எழுத்தையும், அடுத்துக் கத்தகனா 46 எழுத்தையும் படித்துவிட வேண்டும்.

சீன எழுத்துகளைக் கண்டு பயப்பட வேண்டாம். வயலுக்குரிய எழுத்து, ஒரு சதுரத்தின் உள்ளே சிலுவைக்கோடு; வரம்பு கட்டிய நான்கு வயல் மாதிரி இருக்கும். அதன் கீழே ‘பலம்’ என்ற எழுத்தைச் சேர்த்தால் ‘ஆண்’. ஒரு மரம் ‘மரம்’. இரண்டு மரம் ‘தோப்பு’. மூன்று மரம் ‘காடு’. இப்படிப் படம் பார்த்துப் படித்தால் மனதில் நிற்கும்.

கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவை ஒரு முறைதான் போடுவார்கள். ஆகவே முதல் மாதத்திலிருந்தே தினமும் இருபது நிமிடம் காதாற் கேட்கப் பழக வேண்டும். யப்பான் பவுண்டேசனின் ‘இரோதோரி’ பாடநூலும் அதன் ஒலிப்பதிவுகளும் இலவசம். பரீட்சையின் மாதிரி வினாக்களும் இலவசம். குடும்பத்தில் ஒரு கைத்தொலைபேசி இருந்தால், நான்கைந்து பிள்ளைகள் கோவில் மண்டபத்தில் கூடியிருந்து கேட்கலாம்.

போகத்தோடு பொருந்திய படிப்பு

பரீட்சை யூலை, டிசெம்பர் மாதங்களின் முதல் ஞாயிறுகளில் நடைபெறும். எல்லா நாட்டிலும் இரு தவணையும் நடப்பதில்லை; விண்ணப்ப முடிவுத் திகதியும் முன்னரே வந்துவிடும். ஆகவே இரண்டையும் முதலில் விசாரியுங்கள். டிசெம்பர் பரீட்சைக்கு 200 நாள் என்றால் மே நடுப்பகுதியில் தொடங்க வேண்டும். ஒக்ரோபரில் பெரும்போக விதைப்பு வரும். அந்த வாரங்களில் படிப்புத் தடைப்படும். அதை நினைத்து ஏப்ரலிலேயே தொடங்குவது புத்தி.

காசைக் கொடுக்கும் முன்

முகவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பணியகத்திலேயே கேளுங்கள். இவ்விசா முறையில் தொழிலாளியிடமிருந்து பிணைப்பணம் எடுப்பதும், வேலையை விட்டால் தண்டம் என்று ஒப்பந்தம் செய்வதும் யப்பானிய விதிக்கு முரணானவை. முதற்படி விசாவில் மொத்தம் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். மனைவி பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியாது. ஏற்கனவே ஒரு முறை பிரிந்து சிதறிய குடும்பங்களுக்கு இதுவும் ஒரு செலவுதான். வீட்டார் எல்லோரும் இருந்து பேசியே முடிவெடுக்க வேண்டும்.

ஒரு யோசனை. எவருக்கும் ஒரு சதமும் கொடுக்கும் முன்னர், பிள்ளை ஒரு மாதத்தில் 92 எழுத்துகளையும் எழுதப் பழகட்டும். அதற்குத் தேவை ஒரு அப்பியாசக் கொப்பியும் ஒரு பென்சிலும் மட்டுமே. ஒரு மாதம் தினமும் இருந்து படித்த பிள்ளை மீதி ஆறு மாதமும் இருக்கக்கூடும். இருக்க முடியாவிட்டால், நகையும் மாடும் வீட்டிலேயே மிஞ்சும்.