நூறு தொன்னைக் கெடுக்க நூறு கிலோ போதும்

புல்மோட்டைக் கருமணல் என்று நாம் சொல்வது ஒரே பொருளல்ல. இல்மனைட், ரூட்டைல், சிர்கோன், சிறிதளவு மொனசைட் எனப் பல கனியங்கள் அதில் கலந்திருக்கின்றன. பிரித்தெடுத்தால்தான் அவற்றுக்கு நல்ல விலை. இல்மனைட் காந்தத்தால் இழுபடும். ரூட்டைல் மின்னைக் கடத்தும். சிர்கோன் இரண்டுக்கும் மசியாது. இந்த வேறுபாடுகளை வைத்தே, நீரில் கழுவிய மணலைக் காந்தத்தாலும் உயர் மின்னழுத்தத்தாலும் பிரிக்கிறார்கள்.

பிரித்தவை மீண்டும் கலந்துவிடாமல் காப்பது அடுத்த தலையிடி. தொட்டி மூலையிலும் பட்டியிலும் தங்கிய 100 கிலோ இல்மனைட், அடுத்து வரும் 100 தொன் சிர்கோனுடன் சேர்ந்தால் அது 0.1 சதவீதம்தான். ஆனால் இல்மனைட்டில் ஏறக்குறையப் பாதி இரும்பு ஒக்சைட். எனவே சிர்கோனில் 0.05 சதவீத இரும்பு ஒக்சைட் கூடிவிடும். வெள்ளை ஓடுகளின் பீங்கான் பூச்சுக்கு இதுவே அதிகம். இரும்பு நிறத்தைக் கெடுக்கும். மொனசைட் கலந்தால் இன்னும் சிக்கல். அதில் தோரியம் இருப்பதால் கதிர்வீச்சு கூடும்.

தடுக்கும் வழிகள் எளிமையானவை, ஆனால் பொறுமை வேண்டும். ஒரே கனியத்தில் பல தரங்கள் இருந்தால், இயந்திரத்தை முழுதாகச் சுத்தம் செய்து, அதிதூய தரத்தை முதலில் ஓட்ட வேண்டும். கனியம் மாறும்போது தொட்டி, குழாய், பட்டி எல்லாவற்றையும் வெறுமையாக்க வேண்டும். காற்றை ஊதித் துப்புரவாக்கினால் தூசி பறந்து பக்கத்துக் குவியலில் விழும். உறிஞ்சி எடுப்பதே நல்லது. புதிய தொகுதியின் முதல் பகுதியைக் கழுவலாக ஓடவிட்டு, அதைத் தனியே ஒதுக்கி மீண்டும் பிரிக்க அனுப்பலாம். அதன்பின் எடுத்த மாதிரியின் ஆய்வுகூட முடிவு வரும்வரை பைகளை நிரப்பக்கூடாது. மண்வெட்டி, பை, லொறித் தட்டு வரை இதே கவனம் தேவை.

தொகுதி இலக்கம், திகதி, துப்புரவு செய்தவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரியை எடுத்து வைக்க வேண்டும். வாங்குபவர் குறை சொன்னால், தவறு நடந்த இடத்தை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம்.

1997இல் புல்மோட்டையில் மணல் ஏற்றிய கப்பல் தாக்கப்பட்டது. போர் முடிந்த பின்னும் கொக்கிளாய், புல்மோட்டை மக்களின் கேள்வி மாறவில்லை: கரையிலிருந்து போகும் மணலால் எங்களுக்கு என்ன மிஞ்சும்? பிரிக்காமல் ஏற்றினால் மிஞ்சுவது சுமக்கும் கூலி. தூய்மையைச் சோதித்துச் சான்றளித்து விற்றால் இயந்திர இயக்குநர், ஆய்வுகூட உதவியாளர், தரப் பரிசோதகர் என வேலைகள் உருவாகும். காணிக் கேள்விக்கு இது பதிலாகாது. ஆனால் கரையை இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வேலைகளில் முதலிடம் கேட்பதற்கு, அந்தத் தொழிலின் நுணுக்கம் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.